சாரலுக்கும் வெயிலுக்கும் தாங்கும் வெளிச்சுவர்ப் பலகை: தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டின் வெளிச்சுவரில் மரப்பலகை பதிக்க (கடைகளில் இதை மர கிளாடிங் என்பார்கள்) விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மரம் நல்லது?" என்பதைத்தான். நெல்லைச் சீமையில் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்தச் சுவரில் பதிக்கப் போகிறோம் என்பது.

படி 1: சுவரைத் தீர்மானியுங்கள்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் மேற்கேயிருந்து கணவாய்க் காற்றோடு சாய்வாக அடிப்பதால், மேற்குச் சுவர் நாள்கணக்கில் காயாமலே நிற்கும். பாளையங்கோட்டையிலும் அதற்குக் கிழக்கேயும் பெருமழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வருகிறது. அங்கே நனைவது வடக்கு, கிழக்குச் சுவர்கள், மேற்குச் சுவரோ கோடை வெயிலில் காய்ந்து பலகையை வெடிக்கச் செய்யும். சாரல் நேராக அடிக்கிற, மேலே இரண்டடி இறவாணம் (கூரையின் வெளிநீட்டம்)கூட இல்லாத சுவரில் மரமே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கல் பதிப்பதே மேல்.

எந்தச் சுவரானாலும் பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 8 அங்குலம் மேலே இருக்க வேண்டும், ஏனெனில் தரையில் விழுந்து தெறிக்கும் மழைநீரே அடிப்பலகையை முதலில் அழுக வைக்கிறது. தாமிரபரணிக் கரையோரத்தில் வீடு உள்ளவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தங்கள் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலேதான் மரத்தைத் தொடங்க வேண்டும்.

படி 2: மரத்தின் பெயரைவிட வைரத்தைப் பாருங்கள்

தேக்கு, வேங்கை, அயினி, பலா ஆகிய நான்கும் இங்குள்ளவர்கள் தேடிப் பெறக்கூடிய, வெளியில் நிற்கத் தக்க மரங்கள். வேங்கை நனைந்தால் தொடக்கத்தில் சாயம் இறங்கும் என்பதால், கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் தவிர்க்கலாம். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது என்றாலும் பலகையாக அறுத்து வெயிலில் வைத்தால் நெளியும். ரப்பர் மரமும் மாமரமும் வீட்டுக்குள் இருக்க வேண்டியவை. பனையின் வைரம், அதாவது கெட்டியான பகுதி, புறத்தே இருப்பதால் உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் அது சிறந்தது. அகலப் பலகை அதில் கிடைக்காது.

தேக்கு என்று சொன்னவுடன் நம்பி வாங்கிவிடக் கூடாது. பனை தவிர மற்ற மரங்களில் கரையானையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்பது நடுவிலுள்ள வைரப்பகுதி மட்டுமே. அதைச் சுற்றியுள்ள வெள்ளைப்பகுதி, தேக்கில் இருந்தாலும், உளுத்துப்போகும். வரப்போரம் நட்டு இளம்பருவத்திலேயே வெட்டிய தேக்கில் இந்த வெள்ளை தாராளமாக இருக்கும். ஆகவே அறுவை மில்லில் பலகையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். பொன்பழுப்பு நிறத்துக்கு ஓரமாக வெளிறிய பட்டை ஓடினால் அந்தப் பலகையை ஒதுக்குங்கள், அல்லது அந்த ஓரத்தை அறுத்துத் தரச் சொல்லி, மீதிக்கு மட்டும் விலை பேசுங்கள். முனையில் தெரியும் வளையக் கோடுகள் பலகையின் அகலத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்றால் அது குறைவாகவே நெளியும். வில்லாக வளைந்து படுத்திருந்தால் நனைந்து காயும்போது குழியும். அகலம் 5 அங்குலத்துக்கு மேலும், கனம் முக்கால் அங்குலத்துக்குக் கீழும் போக வேண்டாம்.

படி 3: ஈரத்தை நிறுத்துப் பாருங்கள்

மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. நமது பகுதிக்கு 12 விழுக்காட்டை ஒட்டிய பலகை போதுமான உலர்ச்சி உடையது. ஈரமானி இல்லாதவர்கள், பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை அறுத்து, நகைத் தராசு போன்ற நுட்பமான தராசில் உடனே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுமார் 103 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓவன் அடுப்பில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். முதலில் 230 கிராம், முடிவில் 200 கிராம் என்றால், குறைந்த 30 கிராமை 200ஆல் வகுத்து நூறால் பெருக்க 15 விழுக்காடு வரும். அப்படிப்பட்ட பலகையை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இன்னும் சில வாரம் காற்றாட விடலாம். சாரல் காலத்தில் வாங்கினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

படி 4: பதப்படுத்திய மரமா?

வெப்பத்தால் பதப்படுத்திய இறக்குமதிப் பைன் பலகை அழுகலை நன்றாகத் தாங்கும், அதிகம் நெளியாது. ஆனால் கரையானுக்கு அதை நம்ப முடியாது. அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் கரையானைத் தாங்கும். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியதா என்று கேட்டறியுங்கள். அப்படியானால் அதன் வெட்டுத்துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கக் கூடாது, புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

படி 5: பின்னால் காற்று போக விடுங்கள்

பலகையைச் சுவரோடு ஒட்டிப் பதிப்பது நல்ல தேக்கையும் கெடுத்துவிடும். முதலில் முக்கால் அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) செங்குத்தாக அடித்து, அவற்றின் மேல் பலகைகளைக் கிடைமட்டமாக, மேலது கீழதன்மேல் ஓரங்குலம் ஏறும்படி பொருத்தச் சொல்லுங்கள். அடியிலும் உச்சியிலும் இடைவெளியைத் திறந்துவிட்டு, பூச்சி புகாத வலையால் மட்டும் மூட வேண்டும். உள்ளே புகுந்த நீர் வடியவும் காயவும் அதுவே வழி. இரும்பு ஆணி மரச்சாற்றோடு சேர்ந்து கருங்கறையை வழியவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு ஸ்குருவே வேண்டும். திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்களுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் 316 தர எஃகு ஸ்குரு.

எண்ணெய்ப் பூச்சைப் பதிப்பதற்கு முன்பே பலகையின் நான்கு புறத்திலும் கொடுத்துவிட வேண்டும். வெட்டுமுனைகள் மற்றப் பக்கங்களைவிட மிக வேகமாக நீரை உறிஞ்சும் என்பதால் அங்கே இரண்டு மூன்று முறை பூசச் சொல்லுங்கள். வார்னிஷ் நமது வெயிலில் உரிந்துவிடும், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. நிறமி கலந்த எண்ணெயானால் மேலேயே மறுபூச்சு பூசிக்கொள்ளலாம். மறைவாக இருக்கும் ரீப்பர்களுக்கு மட்டும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் போதும், ஆனால் அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் ஆசாரியிடம் கையுறை போட்டுக்கொண்டு பூசச் சொல்லுங்கள்.