மூடுபனியைத் துடைத்துவிடாதீர்கள்

இருட்டோடு எழுந்து, குளிரில் காத்து நின்று, மூடுபனிக்குள் பாதி கரைந்து நிற்கும் ஒற்றை மரத்தைப் படம் எடுத்து வந்திருப்பீர்கள். கணினியில் திறந்தால் படம் சப்பென்று தெரியும். கை தானாக, மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் பட்டையின் பக்கம் போகும். கொஞ்சம் இழுத்ததும் பின்னாலிருந்த புதர், வேலி, கம்பம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும், படம் பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் எதைப் பார்த்து கேமராவைத் தூக்கினீர்களோ அது மட்டும் இருக்காது. மூடுபனிப் படங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஆசையிலிருந்து வருபவைதான். பனி மறைத்துவைத்ததை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

முதல் சிக்கல் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எதிரே இருப்பதெல்லாம் வெளிறிய பனி என்றால், அதையும் இருட்டிச் சாம்பலாக்கி, அழுக்குத் துணி போலக் காட்டிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, +0.7 முதல் +1.3 வரை ஏற்றிவைத்து எடுங்கள். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மேடு வலப்பக்கம் தள்ளி நிற்கட்டும், விளிம்பில் மட்டும் முட்டக் கூடாது. சூரியன் பனிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் படமென்றால் இவ்வளவு ஏற்ற வேண்டாம், அந்த இடம் வெளுத்துப்போனால் திரும்ப வராது.

ஆட்டோஃபோகஸ் பனியில் தடுமாறும், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிடிமானமாக ஒரு அழுத்தமான விளிம்பு வேண்டும். அடிமரத்தின் ஓரம், கிளை பிரியும் இடம் என்று ஏதாவதொன்றில் குவித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். அப்புறம், ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக ஈரக் காற்றுக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறுக்கு வருகிறேன். பனி இருந்தாலே படம் ஓவியம் போல வந்துவிடும் என்று எண்ணி, எதிரே தெரிவதையெல்லாம் ஒரு அகலமான லென்ஸில் அள்ளிக்கொள்வது. வெறும் வெள்ளைதான் மிஞ்சும். மூடுபனியில் ஒரு மரவரிசையின் எதிரே நின்று நிதானமாகப் பாருங்கள். பக்கத்து மரத்தில் பட்டையின் வெடிப்பும், அதில் வழியும் ஈரமும் தெரியும். அடுத்ததில் வெடிப்பு மறைந்து வெறும் உருவம் இருக்கும். அதற்கடுத்தது ஈரத் தாளில் இழுத்த சாம்பல் கோடு. அதற்கும் பின்னால் ஒரு மரம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. தூரத்தை நமக்குச் சொல்வது இந்தப் படிகள்தான். 70 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையான லென்ஸில் இந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். அகல லென்ஸ்தான் கையில் இருக்கிறதென்றால், அருகில் ஒரு கரிய பொருளை வைத்தே ஆக வேண்டும், பாறையோ படகோ வேலிக்கால்களோ.

பழைய சீன நிலக்காட்சி ஓவியர்கள் மலைக்கு நடுவே மூடுபனி வேண்டுமென்றால் பல இடங்களில் அங்கே எதுவும் வரையாமல் பட்டுத்துணியை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவரின் கண் நிரப்பிக்கொள்ளும். சட்டத்தில் பாதி காலியாக இருக்கிறதே என்று பயந்து நெருக்கி வெட்டிவிடாதீர்கள்.

இனி எடிட்டிங். ஆட்டோ பட்டனை அழுத்தினால் மென்பொருள் பொதுவாகக் கருப்பை முழுக் கருப்புக்கும் வெள்ளையை முழு வெள்ளைக்கும் இழுத்துவிடப் பார்க்கும். பனிப் படத்தில் அழுத்தமான கருப்பு இருந்தால் அது மிக அருகிலிருக்கும் பொருளில்தான் இருக்க வேண்டும், சில படங்களில் அதுவும் தேவையில்லை. ஜேபெக்கில் இழுத்தால் இன்னும் மோசம். அதில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப் படிகள்தான், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384. மென்மையாக மாறும் பனி முழுவதும் இந்தப் படிகளில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கியிருக்கிறது, அதை விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

மொத்தப் படத்துக்கும் ஒரே மாற்றம் செய்வதை விடுங்கள். மாற்றம் அங்கே மட்டும் படும்படி அருகிலிருக்கும் மரத்துக்கு மாஸ்க் போட்டுக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டலாம். தூரத்து அடுக்குக்கு டீஹேஸை எதிர்ப்பக்கம், -10 அளவுக்கு, தள்ளிப் பாருங்கள். ஆழம் உடனே கூடும். விடியலின் நீலத்தை, நிறச் சாயலைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் சில சமயம் கழுவிவிடும், 5500 கெல்வினில் வைத்துப் பார்த்தால் அந்தக் குளிர் திரும்ப வரும். கனவு போன்ற பளபளப்புக்கு ஆர்டன் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 1980களில் மைக்கேல் ஆர்டன் கூர்மையான ஒரு ஃபிலிம் ஸ்லைடையும் மங்கலான ஒரு ஸ்லைடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது அது. பனி ஏற்கனவே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறது, அதன் மேல் இதையும் தாராளமாகப் பூசினால் படம் நுரைத்துப்போகும். வேண்டுமென்றால் லேசாக, ஒளி வரும் பக்கம் மட்டும்.

இன்னொன்று, இரவில் இருட்டறையில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்யாதீர்கள். படம் தேவைக்கு மேல் வெளிச்சமாகத் தெரியும், நீங்கள் குறைத்துக்கொண்டே போவீர்கள், பிரிண்ட் வரும்போது மறுபடி அந்த அழுக்குச் சாம்பல்தான் கையில் இருக்கும். மறுநாள் பகலில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.