பச்சை உடம்புக்காரிக்கு முதலில் பசி, பிறகு லேகியம்

பிள்ளை பெற்றவள் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே லேகியத்தைக் கிண்டி ஜாடியில் அடைத்து வைத்துவிடும் வீடுகள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். வைக்கட்டும். ஆனால் ஜாடியை எப்போது திறப்பது என்று நாள்காட்டி சொல்லக் கூடாது, அவள் வயிறு சொல்ல வேண்டும்.

நான் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மாமியார் ஆயுர்வேத முறைப்படி பேறுகாலம் பார்ப்பதில் பேர் எடுத்தவர். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், தைலமும் கஷாயமும் அரிஷ்டமும் இங்கே பல வீடுகளில் உப்பு புளி மாதிரி. இரண்டு பக்கத்தையும் பார்த்த உரிமையில், பெற்றவளைக் கவனிக்கப் போகும் அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் இதை எழுதுகிறேன். கணவன்மார்களும் படிக்கலாம், குற்றமில்லை.

ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், 8ஆம் அத்தியாயத்தில் பெற்றவளைப் பற்றிய பகுதி வருகிறது. கரு வளர்ந்ததில் தாதுக்கள் எல்லாம் தளர்ந்து, வலியிலும் முக்கியதிலும் ரத்தம் போனதிலும் உடம்பு வெறுமையாகிக் கிடக்கிறது என்கிறது அது. அந்த வெறுமையில் வாதம் ஏறும்; அதனால் நெய், சூடான கஞ்சி, எண்ணெய் தேய்ப்பு, வயிற்றுக்குத் துணிக்கட்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நெய் கொடுக்கச் சொல்லும் அதே வரியில் ‘பசி எடுத்திருக்கிறது என்று அறிந்து’ என்று ஒரு நிபந்தனை இருப்பதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். பசி இல்லாத வயிற்றில் நெய்யையும் லேகியத்தையும் தள்ளினால் உப்புசம், நெஞ்செரிச்சல், வாந்தி. பிறகு ‘இவளுக்கு எதுவும் ஒத்துக்கொள்வதில்லை’ என்று பழி வேறு.

முதல் வாரம்

சுகப்பிரசவம் என்றால் முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு நொய்க்கஞ்சிதான் ராஜா. ஒரு பங்கு பச்சரிசி நொய், எட்டுப் பங்கு தண்ணீர், குழைய வெந்ததும் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, கால் தேக்கரண்டி சீரகம், உப்பு, ஒரு தேக்கரண்டி நெய். அடுத்த வேளை அவளே ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டால் அக்னி, அதாவது செரிக்கும் சக்தி, திரும்பிவிட்டது என்று பொருள். கேட்கவில்லையென்றால் இன்னொரு நாள் கஞ்சியே போகட்டும். சிசேரியன் என்றால் எப்போது எதைத் தொடங்குவது என்பது அறுவை செய்த மருத்துவர் சொல்வதுதான். அவர் சரி என்றதும் இதே கஞ்சியிலிருந்து ஆரம்பியுங்கள்.

பழைய நூல் சொல்கிற அளவுக்கு நெய்யைக் குடிக்க வைக்காதீர்கள். அது வைத்தியர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொடுக்கும் முறை. காசியப சம்ஹிதை என்ற இன்னொரு பழைய நூல் ஆண் குழந்தை பெற்றவளுக்கு எண்ணெய், பெண் குழந்தை பெற்றவளுக்கு நெய் என்றுகூடச் சொல்கிறது. நான் எல்லோருக்கும் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய்தான் விடுவேன்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். வயிறு தொங்கிவிடும், தையல் பழுத்துவிடும் என்று சொல்லி நாளைக்கு இரண்டு டம்ளர் மட்டும் கொடுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆயுர்வேதம் கேட்பது வெதுவெதுப்பான தண்ணீர். வறண்ட தொண்டையை அல்ல. பால் கொடுக்கிறவள் தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் இறுகும், இறுகினால் தையல் வலிக்கும், சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கும். பிரசவம் ஆனவளுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் ஏற்கெனவே கூடுதல். உடம்பில் நீர் வற்றுவதும் படுத்தே கிடப்பதும் அதை இன்னும் கூட்டும். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஃபிளாஸ்கில் ஊற்றி அவள் கை எட்டும் இடத்தில் வையுங்கள். குழந்தை மார்பில் வாய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர். கணக்கு வைப்பது சுலபம்.

பசி நன்றாகத் திரும்பியதும் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, மிளகு சீரக ரசம், நெய்யில் வதக்கிய பூண்டு, பூசணி, புடலை, முருங்கைக்கீரை, அசைவக்காரர்களுக்கு ஆட்டு எலும்பு ரசம், முள் நீக்கிய மீன். பத்தியம் என்றால் எளிதில் செரிப்பதைப் பார்த்துக் கொடுப்பது, பட்டினி போடுவதல்ல. வாழைப்பழமும் ஆரஞ்சும் தாய் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பழத்தை விட்டால் மலச்சிக்கல்தான் வரும். ஒரே விதி: எதைப் புதிதாகச் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு ஒன்று. அவளுக்கு வயிறு ஒத்துக்கொண்டால் மறுநாள் அடுத்தது.

லேகியம்

எங்கள் வீட்டு அளவு: சுக்கு 50 கிராம், மல்லி 50, அரிசித் திப்பிலி 25, கண்டந்திப்பிலி 25, ஓமம் 25, சீரகம் 15, மிளகு 10. கருப்பட்டி 400 கிராம். நெய் 100 மில்லி, நல்லெண்ணெய் 75 மில்லி. பெற்றவளுக்கு நெய்யோடு பொடித்துக் கொடுக்கச் சரகர் சொல்லும் ஐந்து சரக்குகளில் திப்பிலி, திப்பிலி மூலம் (கண்டந்திப்பிலி), சுக்கு மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. சவ்வியமும் சித்திரமூலமும் மீதி இரண்டு. சித்திரமூலம் நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் உள்ளே போனால் வாயும் வயிறும் புண்ணாகும், வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதை வெயிலில் காய வைத்து, கல்லும் தூசும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். ஓமம் வெடிக்கிற சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும், கருகினால் லேகியம் முழுவதும் கசக்கும். சுக்கை முதலில் உரலில் இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி பிளேடுக்கு அது பகை. எல்லாவற்றையும் பொடித்து மெல்லிய துணியில் சலிக்கவும். சலிப்பதில் சோம்பல்பட்டால் நாரும் திப்பியும் அவள் தொண்டையில் நிற்கும்.

கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டாமல் கிண்டுகிறவர்கள் மேல் உங்களுக்கே கோபம் வரும். அடிகனமான உருளியில் கொதித்துக் கெட்டியாகி, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். பிறகு நல்லெண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் உருளி குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் குடிப்பது நின்று, ஓரத்தில் நெய் மினுமினுவென்று கக்கும்; மொத்தமும் கரண்டியோடு சுருண்டு வரும். ஈர விரலால் ஒரு துளி எடுத்து உருட்டினால் ஒட்டாமல் உருள வேண்டும். அதுதான் பதம். ஆறிய பிறகு ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

சிறு நெல்லிக்காய் அளவில் பாதி, காலையில் ஒரு வேளை. மூன்று நான்கு நாள் ஒத்துக்கொண்டால் முழு அளவு. உதிரப்போக்கு அதிகமாக இருக்கும்போதும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் சூடான சரக்கு. சர்க்கரை நோய் உள்ளவளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், அவளுக்கு லேகியம் வேண்டாம். கஞ்சியில் போடும் சுக்கும் சீரகமும் போதும். சிலர் அதிமதுரம் சேர்ப்பார்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும் சரக்கு. பேறுகாலத்தில் அழுத்தம் இருந்தவளுக்கு அது கண்டிப்பாக ஆகாது.

பால் ஊறுவதற்கு லேகியத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குழந்தை குடித்தால்தான் பால் ஊறும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், குழந்தை நாக்கில் தேன் தடவுவதும் இனி யார் வீட்டிலும் நடக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, பூண்டுப் பால் எல்லாம் குழந்தை அடிக்கடி குடிப்பதற்குப் பிறகு வரும் உபசாரம்.

எண்ணெயும் குளியலும்

குறுந்தோட்டி வேர் முக்கியச் சரக்காக உள்ள தன்வந்தரம் தைலம்தான் இங்கே வழக்கம். கிடைக்காவிட்டால் நல்லெண்ணெய் போதும். சுகப்பிரசவம் ஆனவளுக்கு நான்கைந்து நாள் கழித்து, காய்ச்சல் இல்லாமல், பசியும் இருந்தால் தொடங்கலாம். சிசேரியன் என்றால் தையல் காய்ந்து, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு கை, கால், முதுகு மட்டும். தழும்பின் மேல் எண்ணெயும் வயிற்றில் அழுத்தமும் ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் மேல் கை வைக்க வேண்டும். நீளமான எலும்புகளில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக, இடுப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து மெதுவாக வெளிப்பக்கம். உள்ளங்காலில் அதிக நேரம் இருங்கள், பல பெண்கள் அங்கேயே தூங்கிவிடுவார்கள். தொடங்கும் முன் இரண்டு கெண்டைக்கால்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். நேராக மருத்துவமனைக்கு.

அரை மணி நேரம் ஊறிய பிறகு வேது வைத்த தண்ணீரில் குளியல். நொச்சி, புளி, மா, பலா இலைகளைப் பெரிய பானையில் கொதிக்க வைத்து வடிகட்டி, உடம்பு தாங்கும் சூட்டுக்கு விளாவிக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் கொதிக்கக் கொதிக்க வீசி ஊற்றினால் அழுக்கு ரத்தம் இறங்கும் என்பார்கள். இறங்காது; தோல்தான் வேகும். கருப்பை தானாகச் சுருங்கும், பால் கொடுக்கக் கொடுக்க வேகமாகவே சுருங்கும். எண்ணெய்த் தரை வழுக்கும், அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்துப் பயற்றம்மாவு தேயுங்கள். தலைமுடியைத் துண்டால் துவட்டினால் போதும். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது.

வயிற்றுக்கட்டுக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். இடுப்பெலும்பிலிருந்து மேலாகச் சுற்றி, இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வில் முடிச்சு. இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். தளர்ந்திருக்கும் இடுப்பின் அடித்தசை இன்னும் இறங்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள்.

கடையில் வாங்குவதும் மருத்துவமனை கொடுத்ததும்

தசமூலாரிஷ்டமும் ஜீரகாரிஷ்டமும் பேறுகாலத்துக்குப் பேர் போனவை. ஆனால் அரிஷ்டம் என்றால் நொதிக்க வைத்தது. அதில் தானாக உண்டான ஆல்கஹால் இருக்கிறது, எவ்வளவு என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். வைத்தியரிடம் பிரசவம் எப்படி ஆனது, ரத்த அளவு என்ன, சர்க்கரை உண்டா என்று சொல்லி, அவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். உரிமம் எண், தொகுதி எண், தயாரித்த தேதி இல்லாத எதையும் வாங்காதீர்கள். பஸ்பம், செந்தூரம் வகைகளில் உலோகம் சேரும். பால் கொடுக்கும்போது அவை வேண்டாம்.

லேகியம் ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துகிற பழக்கம்தான் வார்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது. அரசு திட்டப்படி இரும்புச் சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள். லேகியம் அதற்கு மாற்றல்ல. கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், சில மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரை போட்டதும் தேநீரும் வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினாலோ, உதிரத்தில் துர்நாற்றம் வீசினாலோ, மார்பு சிவந்து கல்லாகிக் குளிர் எடுத்தாலோ எந்தக் கஷாயத்தையும் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ 108. பிரசவத்துக்கு முன் ரத்த அழுத்தம் சாதாரணமாக இருந்தவளுக்கும் பிறகு ஏறலாம்.

அழுகையையும் கவனியுங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் கண் கலங்குவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, செத்துப்போகலாம் என்று பேசினாலோ அது வாதமும் அல்ல, கண்ணேறும் அல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நோய். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இரவில் ஒரு பால் வேளைக்குப் பின் குழந்தையை வேறொருவர் தூக்கிக்கொண்டு, அவளுக்கு நான்கு மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்க வழி செய்யுங்கள்.

ஆயுர்வேதக் கணக்கில் பேறுகாலம் ஒன்றரை மாதம். மருத்துவமனை கூப்பிடும் ஆறு வாரப் பரிசோதனையும் கிட்டத்தட்ட அதே நாளில்தான் விழும். அன்று ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளென்றால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் கொடுத்த மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். எழுதாமல் போனால் பாதியை மறந்துவிடுவோம், மீதியை டாக்டர் திட்டுவாரோ என்று மறைத்துவிடுவோம்.