நாயைப் பாம்பு கடித்தால்

பாம்பை மோந்து பார்க்கப் போய்த்தான் நாய் பெரும்பாலும் கடி வாங்கும். அதனால் முதலில் முகத்தையும் முன்னங்கால்களையும் பாருங்கள். கண்ணாடி விரியன் என்றால் கடிவாய் மளமளவென்று வீங்கும், ரத்தம் உறையாமல் கசியும். நல்ல பாம்பு என்றால் எச்சில் ஒழுகும், இமை தொங்கும், நடை தள்ளாடும். கட்டுவிரியன்தான் மோசம்: பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, தடமும் தெரியாது.

கழுத்துப் பட்டையை உடனே கழற்றுங்கள், வீங்கினால் இறுக்கிவிடும். கயிறு கட்டுவது, கீறுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள் (வலியில் உங்களையே கடிக்கலாம், கவனம்). கிளம்பும்போதே கால்நடை மருத்துவருக்கு போன் போட்டு விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் மனிதர்களுக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். ஆனால் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.