இசைத்தட்டில் தொப்பி ஒலி குழையாமல் கேட்க

மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) 'கும்' என்று விழாமல் கொழகொழத்துப் பரவினால் அம்ப்ளிஃபயரைத் திருக வேண்டாம். கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) அதைச் சுமக்கும் கையான டோன் ஆர்மும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஊசித்தண்டைத் தாங்கும் சின்ன றப்பர் ஒரு வில் மாதிரி. ஆர்ம் அதன் மேல் நிற்கும் பாரம். இரண்டும் சேர்ந்தால் அவற்றுக்கென ஓர் இயல்பான ஆட்டம் வரும். அது 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. குறைந்தால் தட்டின் நெளிவே ஆர்மைக் குலுக்கும். 15ஐத் தாண்டினால் இசையின் அடிநாதம் ஊதிக் கேட்கும்.

கணக்கு இலகுவானது. ஆர்மின் பயனுறு எடை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் பாரம்), கார்ட்ரிட்ஜ் எடை, திருகாணி எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கொம்ப்ளையன்ஸால் (அந்த றப்பர் எவ்வளவு இளக்கமானது என்று காட்டும் எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். 12 கிராம் ஆர்மில் ஓர்ட்டொஃபோன் 2எம் ரெட் (7.2 கிராம், கொம்ப்ளையன்ஸ் 20), திருகாணி 1 கிராம் என்றால் 7.9 ஹேர்ட்ஸ் வரும். எல்லையில்தான் நிற்கிறது, ஆனாலும் ஓடும். இதே கார்ட்ரிட்ஜைப் பாரமான ஆர்மில் பூட்டக் கூடாது.

பல ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்களின் கொம்ப்ளையன்ஸ் 100 ஹேர்ட்ஸில் அளந்தது. டெனன் டிஎல்-103க்குப் போட்டிருக்கும் 5 அப்படிப்பட்டது; கணக்குக்கு வேண்டியது 10 ஹேர்ட்ஸ் மதிப்பு என்பதால் அதை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுங்கள். அதற்குப் பாரமான ஹெட்ஷெல்தான் (ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜைப் பூட்டும் பகுதி) தோது.

அடுத்தது ஊசிப் பாரம். ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூச்சியத்தில் வைத்து, ஆர்ம் கிடையாக மிதக்கும்வரை பின் எடையைத் திருப்புங்கள். பிறகு தயாரிப்பாளர் சொன்ன பாரத்தைக் கொடுத்து (2எம் ரெட்டுக்கு 1.8 கிராம்), 0.01 கிராம் காட்டும் தராசில் சரிபாருங்கள். தராசின் தட்டு இரும்பானால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். இசைத்தட்டுத் தேயும் என்று பயந்து பாரத்தைக் குறைப்பதுதான் பெரிய பிழை. பலத்த அடியில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டெழும்பி, திரும்ப விழுந்து, சுவரைக் கொத்தும். அந்தக் காயம் ஆறாது.

தட்டில் அடிநாதத்தைக் குறைத்தே வெட்டுகிறார்கள். போனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) அதை ஈடுசெய்ய, 1000 ஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹேர்ட்ஸை 19 டெசிபெல்லுக்கு மேல் தூக்குகிறது. அதனால் மேசையின் சிறு நடுக்கமும் பூதாகரமாகும். ஸ்பீக்கர் நிற்கும் அலுமாரியில் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். சோதிக்க, சுற்றாத தட்டில் ஊசியை வைத்து ஒலியை மெல்லக் கூட்டி, மேசையை விரலால் தட்டுங்கள். முழக்கம் வளர்ந்தால் உடனே குறைத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். பாட்டில்லாத பள்ளத்தில் வூஃபர் மெதுவாக உள்ளும் வெளியும் போனால் அது நெளிவு. விடாத 'ம்ம்' கேட்டால் 50 ஹேர்ட்ஸ் மின் இரைச்சல். எர்த் வயரைப் பாருங்கள்.

திருகோணமலைக்கென்று இரண்டு சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கையில் றப்பர் இளகி கொம்ப்ளையன்ஸ் கூடும், ஆட்டம் கீழிறங்கும். மேலே சொன்ன 7.9 அப்போது இன்னும் குறையும். உப்புவெளி போன்ற கடலோர வீடுகளில் ஹெட்ஷெல்லின் மின் தொடுமுனைகள் கறுத்து ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வரும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் மாதம் ஒருமுறை அவற்றைத் துடையுங்கள். அந்த ஈரம் ஊசித்தண்டின் றப்பரில் படவே கூடாது.