ஹூக்காவுக்குக் கரி: எதை வாங்குவது, எப்படிப் பற்றவைப்பது

முதல் இழுப்பிலேயே தொண்டை எரிகிறது, பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது என்றால் எல்லோரும் புகையிலைக் கலவையைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டினேன். மூன்று முறை கலவையை மாற்றிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கோளாறு கலவை வைக்கும் கிண்ணத்துக்குள் இல்லை, அதன் மேல் உட்கார்ந்திருந்த கரியில். எல்லாப் பக்கமும் சிவந்து, ஒரு மூலை மட்டும் கறுப்பாக நிற்கும்போதே "சரி, போதும்" என்று எடுத்து வைத்துவிடுவேன். மீதி வேலையை அந்த மூலை பார்த்துக்கொண்டது.

ஹூக்காவில் நெருப்பு கலவையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், கிண்ணத்தை மூடியபடி, ஓட்டைகள் போட்ட ஃபாயில் (அலுமினியத் தாள்) இருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது கரியைச் சுற்றியுள்ள சூடான காற்று அந்த ஓட்டைகள் வழியாகக் கலவைக்குள் இறங்கி, தண்ணீரைக் கடந்து குழாய்க்கு வருகிறது. ஆகவே கரியிலிருந்து எது கிளம்பினாலும் அதுவும் கூடவே உள்ளே போகும்.

அதில் முக்கியமானது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பற்றிய கரியிலிருந்தும் இது வரும். தண்ணீர் இதை வடிகட்டாது. புகையிலையே இல்லாத மூலிகைக் கலவை போட்டாலும் கதை இதுதான், ஏனென்றால் வாயு வருவது கரியிலிருந்து. எனவே மூடிய அறையில் கரி பற்றவைக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று யாராவது சொன்னால் "பழக்கமில்லை, அதான்" என்று சிரித்துவிடாமல் உடனே வெளிக்காற்றுக்குக் கூட்டிப் போங்கள். மயங்கினாலோ குழறினாலோ நேரே மருத்துவமனைதான். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். முதலாவது, வட்ட மாத்திரை வடிவில் உடனே பற்றும் கரி. கரித்தூளோடு வெடியுப்பு போன்ற, ஆக்சிஜன் தரும் உப்பைக் கலந்து அழுத்தியது. லைட்டரைக் காட்டினால் பொறி சரசரவென்று ஓடிப் பற்றிக்கொள்ளும். அடுப்பு வேண்டாம், காத்திருப்பு குறைவு. ஆனால் அந்த இரசாயன வாடை கொஞ்சமாவது நாக்கில் ஒட்டும், சூடு ஒரே சீராக நிற்காது, அரைமணி முக்கால்மணியில் தீர்ந்தும் போகும்.

இரண்டாவது, இயற்கைக் கரி. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கிப் பொடித்து, மாவுப்பசையால் பிணைத்துக் கட்டியாக அழுத்தியது. பற்ற எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பற்றிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடங்கிய சூட்டோடு நிற்கும். வாடை கிட்டத்தட்ட இல்லை, சாம்பலும் குறைவு. என்னைக் கேட்டால் வீட்டில் இதுதான். மாத்திரைக் கரி, அடுப்புக்கு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்.

கறி சுடுவதற்கு விற்கும் கரிக்கட்டியை மட்டும் எடுத்து வராதீர்கள். சிலவற்றில் நிலக்கரி, சுண்ணாம்புத்தூள், பற்றவைப்பதற்கான சேர்மானங்கள் எல்லாம் இருக்கும். மூச்சோடு இழுக்க அது ஆகாது.

சிரட்டைக் கரியில் 25 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் ஆரம்பத்துக்குச் சரி. கிலோவுக்குச் சுமார் 72 வரும். 26 மில்லிமீட்டர் என்றால் சுமார் 64. கிண்ணம் பெரிதாக இருந்தால் அதை எடுக்கலாம். பெட்டியைத் திறந்ததும் இரண்டு கட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நல்ல கரி பீங்கானைத் தட்டியது போல 'டிங்' என்று கேட்கும். மந்தமாகக் கேட்டால் ஈரமோ, அழுத்தம் போதாமையோ இருக்கலாம். பெட்டியின் அடியில் தூள் நிறைய தேங்கியிருந்தாலும் நல்ல அறிகுறி இல்லை. எரித்த பிறகு சாம்பல் வெளிர் நிறத்தில், உதிராமல் கட்டியின் மேலேயே ஒட்டி நின்றால் அந்தச் சரக்கையே தொடரலாம்.

இப்போது பற்றவைக்கலாம்.

1. ஜன்னலைத் திறங்கள். புகைபோக்கி விசிறி இருந்தால் ஓட விடுங்கள். பால்கனி, முற்றம் இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட இடுக்கி, ஒரு உலோகத் தட்டு, ஒரு வாளித் தண்ணீர் மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. மின்சாரச் சுருள் அடுப்பை முழுச் சூட்டில் வைத்து, கம்பி சிவந்ததும் கட்டிகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். இண்டக்ஷன் அடுப்பு இதற்கு உதவாது. கரியை அது சூடாக்காது. கண்ணாடித் தளம் உள்ள அடுப்பிலும் வேண்டாம், கீறலோ விரிசலோ விழும். கேஸ் அடுப்பு மட்டுமே என்றால் ஓட்டை போட்ட இரும்புத் தட்டின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் பர்னரை அடைக்கும். சின்னக் கேஸ் டப்பா பக்கத்திலேயே இருக்கும் பயண அடுப்பில் அகலமான தட்டை வைத்தால் அனல் டப்பா மேல் அடிக்கும். அந்த அடுப்பையே விட்டுவிடுங்கள்.

3. முதல் இரண்டு மூன்று நிமிடம் எதுவுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் கீழ் விளிம்பில் ஒரு சாம்பல் கோடு ஏறத் தொடங்கும். ஐந்தாவது நிமிடம் வாக்கில் இடுக்கியால் ஒரு கட்டியைப் புரட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கனலும். எல்லாவற்றையும் புரட்டுங்கள். இடையில் 'பட் பட்' என்று வெடித்துத் துணுக்கு தெறித்தால் கரி ஈரம் குடித்திருக்கிறது. முகத்தைத் தள்ளி வையுங்கள்.

4. இன்னும் நான்கைந்து நிமிடம் கழித்து, வேகாத பக்கம் எதுவோ அதைக் கீழே காட்டி வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் ஊற்றி அவசரப்படுத்த வேண்டாம். குப்பென்று பற்றும், அதோடு அந்த வாசனையும் கரிக்குள் ஊறிவிடும்.

5. சோதனை. விளக்கை அணைத்துவிட்டு மெல்ல ஊதுங்கள். வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும், ஏமாந்துவிடுவோம். நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அதுதான் உங்களுக்கு வேண்டியது: மேலே மெல்லிய வெண்சாம்பல், ஊதினால் ஆறு பக்கமும் ஒரே சிவப்பு. இருட்டில் கனலாமல் ஒரு திட்டு தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். என் தலைவலிக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இந்த இரண்டு நிமிடம்தான்.

மாத்திரைக் கரி என்றால் விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடித்து, திறந்த வெளியில் ஓரத்தில் தீயைக் காட்டுங்கள். பொறி ஓடி முடிந்ததும் தயார் என்று நினைத்துவிடுவார்கள். இல்லை, அது ஆரம்பம்தான். புகை நின்று, வாடை போய், முழுக்கச் சாம்பல் படியும்வரை தட்டில் கிடக்கட்டும்.

கிண்ணத்தில் வைக்கும்போது நடுவில் குவிக்காதீர்கள். 25 மில்லிமீட்டர் கட்டி மூன்று, விளிம்பை ஒட்டி. சின்னக் கிண்ணத்துக்கு இரண்டே போதும். மூன்று நான்கு நிமிடம் சூடேற விட்டு மெதுவாக இழுங்கள். புகை காட்டமாக வந்தால் ஒரு கட்டியை எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டியைத் தட்டில் தட்டிச் சாம்பலை உதிர்த்து, வேறு பக்கம் காட்டி வையுங்கள். சாம்பல் போர்வை தடிமனானால் சூடு கீழே இறங்காது.

மாற்றுக் கரி தேவைப்பட்டால் முதல் செட் பாதியானதுமே அடுப்பில் போடுங்கள். தீர்ந்த பிறகு போட்டால் அவசரம் வரும், அவசரம் வந்தால் கறுப்பு மூலை வரும். கரியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது வெறும் இடுக்கியில் வேண்டாம், உலோகக் கூடையிலோ தட்டிலோ கொண்டு போங்கள். ஒருமுறை என் இடுக்கியிலிருந்து நழுவிய கட்டி ஜமக்காளத்தில் விழுந்தது. நான் குனிவதற்குள் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையின் மேல்தான் இப்போது ஹூக்கா நிற்கிறது.

மிச்சக் கரியைப் பெட்டியோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மாத்திரைக் கரி ஈரம் பட்டால் பற்றவே பற்றாது. அதை நெருப்பு, வெயில் இரண்டிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்.

முடிந்ததும் கங்குகளை உலோக வாளியில், தண்ணீருக்குள் போடுங்கள். நேரே பிளாஸ்டிக் குப்பைக் கூடை வேண்டாம். சாம்பலுக்குள் கரி மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரில் சீறி அடங்கிய பிறகும் வாளியை ஓர் இரவு வெளியே விட்டு, காலையில் ஒவ்வொரு கட்டியையும் இடுக்கியால் உடைத்து உள்ளே கறுப்பாக, குளிர்ந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே குப்பையில் கொட்டுகிறேன்.