இரண்டு கம்பெனிகளின் மென்பொருளை யூபிஎல் எக்ஸ்எம்எல் வழியாக இணைப்பது எப்படி?

வாங்கும் கம்பெனியில் எஸ்ஏபி ஓடுகிறது, விற்கும் கம்பெனியில் ஒடூ; இரண்டுமே கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் கவனிக்கும் நிர்வாக மென்பொருள்கள். பர்ச்சேஸ் ஆர்டர் பிடிஎஃப்பாக மெயிலில் போகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்த்து மறுபடி டைப் செய்கிறார். இந்த வேலையை ஒழிக்க இருவருக்கும் பொதுவான ஒரு எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு தகவலையும் பெயரிட்ட டேக்குகளுக்குள் எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்) வடிவம் போதும். தன் மென்பொருளிலிருந்து அந்த வடிவத்துக்கு மாற்றுவதும், அதிலிருந்து உள்ளே எடுப்பதும் அவரவர் பொறுப்பு.

அந்த வடிவத்தைப் புதிதாக உருவாக்க உட்கார வேண்டாம். ஓயாசிஸ் என்ற தர அமைப்பு 2013-ல் வெளியிட்ட யூபிஎல் 2.1 (வியாபார ஆவணங்களுக்கான பொது எக்ஸ்எம்எல் தரம்) உள்ளது; அதில் ஆர்டர், இன்வாய்ஸ், டெஸ்பாட்ச் அட்வைஸ் (சரக்கு அனுப்பிய அறிவிப்பு) என 65 ஆவண வகைகள் உள்ளன. 2015-ல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. மலேசியாவின் மைஇன்வாய்ஸ், சிங்கப்பூரின் இன்வாய்ஸ்நவ் ஆகிய இ-இன்வாய்ஸ் அமைப்புகள் இதன் மேல் கட்டப்பட்டவை என்பதால் அங்கே வியாபாரம் செய்பவர்களுக்கு இந்த உழைப்பு இரட்டிப்பாகப் பயன்படும். இந்தியாவின் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தனி விஷயம்: ஜேசான் என்ற வேறொரு டெக்ஸ்ட் வடிவில் அரசு போர்ட்டலுக்கு அனுப்பி ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) வாங்குவது. வாங்குபவரின் மென்பொருளில் இன்வாய்ஸை ஏற்றும் வேலையை அது செய்யாது.

முதல் கட்டத்துக்கு ஆர்டர், ஆர்டர் ரெஸ்பான்ஸ் (ஆர்டரை ஏற்றதா இல்லையா என்று விற்பவர் தரும் பதில்), இன்வாய்ஸ் மூன்றும் போதும்.

மேப்பிங் ஷீட்

கோடிங் தொடங்கும் முன் இரு தரப்பும் சேர்ந்து ஒரு ஷீட் போட வேண்டும். நம் ஃபீல்டு, அதற்கான யூபிஎல் எலிமென்ட் (டேக்), அவர்கள் ஃபீல்டு, கட்டாயமா இல்லையா, எந்தக் கோட் லிஸ்ட், ஒரு நிஜ மாதிரி மதிப்பு என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். ஐடி ஆட்கள் மட்டும் உட்கார்ந்து போட்ட ஷீட் நிற்காது. பர்ச்சேஸிலிருந்து ஒருவர், அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அதிகமாக அடிபடும் இடம் யூனிட். யூபிஎல்லில் அளவுக்கு ஐ.நா.வின் 'பரிந்துரை எண் 20' பட்டியலில் உள்ள குறியீடுகளைப் பயன்படுத்துகிறார்கள்: கிலோவுக்கு கேஜிஎம், பீஸுக்கு ஹெச்87. ஒருவர் 10 பாக்ஸ் என்று நினைத்து அனுப்பியதை மற்றவர் 10 பீஸ் என்று எடுத்தால் எந்த சாஃப்ட்வேரும் எரர் காட்டாது. லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியும். விலையும் அப்படித்தான். 'நூறு ஸ்க்ரூ 250 ரூபாய்' என்பதை யூபிஎல்லில் விலை 250, பேஸ் குவான்டிட்டி 100 என்று எழுதுவார்கள். பேஸ் குவான்டிட்டியைப் படிக்காமல் விட்டால் ஒரு ஸ்க்ரூ 250 ரூபாய் ஆகிவிடும்.

பொருள் குறியீட்டுக்கு ஜிடிஐஎன் (பார்கோடில் இருக்கும் பொருள் எண்) எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை எழுத்தாகவே சேமியுங்கள். எண்ணாக எடுத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். மாஸ்டர் லிஸ்ட்டை எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேவ் செய்தாலே இது நடந்துவிடும்.

எக்ஸ்எம்எல்லை உருவாக்கும்போது

டெக்ஸ்ட் துண்டுகளை ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்காதீர்கள். லைப்ரரி வழியாகவே எழுதுங்கள். சப்ளையர் பெயரில் ஒரு & குறி வந்தால், ஒட்டிச் செய்த ஃபைல் அங்கேயே உடையும். முதல் வரியில் யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு வேறு என்கோடிங்கில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையும், அல்லது எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரே ஃபைலை நிராகரிக்கும்.

யூபிஎல் ஸ்கீமாவில் (ஃபைலின் அமைப்பை வரையறுக்கும் விதித் தொகுப்பு) எலிமென்ட்களின் வரிசையும் விதிதான். இன்வாய்ஸ் எண்ணுக்கு முன்னால் தேதி வந்தால் ஃபைல் தேறாது. தேதி 2025-04-03 என்ற வடிவில் மட்டும். தொகையில் காற்புள்ளி கூடாது: 1,25,000.00 தவறு, 125000.00 சரி. ஒவ்வொரு தொகையிலும் கரன்சி கோட் இருந்தாக வேண்டும்.

படிக்கும் பக்கத்தில் நேம்ஸ்பேஸ்தான் (ஒரு டேக் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம்) பலரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கிறது. டேக்கின் முன்னால் வரும் ப்ரிஃபிக்ஸ் எதுவாகவும் இருக்கலாம், அது சுட்டும் யூஆர்ஐதான் அடையாளம். எக்ஸ்எம்எல்லில் தேட உதவும் எக்ஸ்பாத்தில் நேம்ஸ்பேஸ் இல்லாமல் வெறும் டேக் பெயரால் தேடினால் எரர் வராது, வெற்று விடை மட்டும் வரும்.

இரண்டு அடுக்குச் சோதனை

முதலில் எக்ஸ்எஸ்டி, அதாவது யூபிஎல்லின் ஸ்கீமா ஃபைல். அது அமைப்பை மட்டும் பார்க்கும். கூட்டல் சரியா என்று பார்க்காது. அதற்கு இரண்டாவதாக, மதிப்புகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் ஸ்கீமட்ரான் விதிகள் வேண்டும்.

இன்வாய்ஸ் திரும்பி வர ரவுண்டிங் ஒன்று போதும். தலா 10.25 ரூபாயில் மூன்று பொருள்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக வரி கணக்கிட்டால் 1.845 என்பது 1.85 ஆகி, மூன்றும் சேர்ந்து 5.55. மொத்தம் 30.75-க்குக் கணக்கிட்டால் 5.535, அதாவது 5.54. ஒரு பைசா வித்தியாசத்துக்கே கணினி நிராகரிக்கும். எந்த முறை, எத்தனை தசம இடம் என்பதை மேப்பிங் ஷீட்டிலேயே எழுதி, ஸ்கீமட்ரானிலும் அதே விதியைப் போடுங்கள்.

அனுப்புதலும் பதிலும்

இரண்டே கம்பெனி என்றால் ஹெச்டிடிபிஎஸ் போஸ்ட் (பாதுகாப்பான வெப் இணைப்பில் ஃபைலை நேரே அனுப்புவது) போதும். கையொப்பமிட்ட ரசீது வேண்டுமென்றால் ஏஎஸ்2 என்ற ஃபைல் பரிமாற்ற முறை. அதில் வரும் எம்டிஎன் ரசீது ஃபைல் கையில் கிடைத்தது என்று மட்டுமே சொல்லும். ஆர்டரை ஏற்றுக்கொண்டார்களா என்பதற்கு ஆர்டர் ரெஸ்பான்ஸ் தனியாக வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் ஒரு மனிதருக்கு அலர்ட் போகும்படி அமையுங்கள்.

டைம்அவுட் ஆனால் (குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால்) ஃபைல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. அங்கே பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டர் இரண்டாகும். ஆகவே பெறுபவர், அனுப்பியவர் அடையாளத்தையும் ஆவண எண்ணையும் சேர்த்து யூனிக் கீயாக (ஒருமுறைக்கு மேல் பதிவாகாத அடையாளம்) டேட்டாபேஸில் வைக்க வேண்டும். இரண்டாம் முறை அதே ஆவணம் வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். 500 வகை எரருக்கு (எதிர்ப்பக்க சர்வரின் கோளாறு) இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுமுயற்சி செய்யலாம். 400 வந்தால் ஃபைலே தவறு. திருத்தாமல் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சரில் டிடிடியையும் (ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும் விதிப் பகுதி) எக்ஸ்டர்னல் என்டிட்டியையும் (வெளி ஃபைலை உள்ளே இழுக்கும் வசதி) அணைத்தே வையுங்கள். திறந்திருந்தால் உங்கள் சர்வரில் உள்ள ஃபைல்களைப் படித்து வெளியே கொண்டுபோக ஒரு சின்ன எக்ஸ்எம்எல் போதும். வந்த ஃபைலை ஒரு பைட்டும் மாற்றாமல் அப்படியே காப்பகத்தில் போடுங்கள். அழகாக இன்டென்ட் செய்து சேமித்தால் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போகும்.

நேரலைக்குப் போகும் முன் பழைய நிஜ ஆர்டர்களை இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்: ரத்தான ஆர்டர், பாதி அளவு மட்டும் ஏற்ற ஆர்டர், வரிவிலக்குப் பொருள், இரண்டு வெவ்வேறு வரி விகிதம் கொண்ட இன்வாய்ஸ். இணைப்புக்கும் கையொப்பத்துக்கும் பயன்படும் டிஜிட்டல் சர்டிஃபிகேட்டின் காலாவதித் தேதியை இரு தரப்பின் காலண்டரிலும் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து, பழையதும் புதியதும் சில நாள் சேர்ந்தே செல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள்.