5 ஏக்கர் மனை விதி வயலைக் காக்குமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

மனையின் குறைந்தபட்ச அளவைக் கூட்டினால் வயல் தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வீடு தேடி வருவோர் குறையாதவரை, குறைவது வயல்தான். ஒரு விதியை எடைபோட 100 வீடுகளுக்குக் கணக்கிடுங்கள்.

முதலில் பரப்பு. 25 சென்ட் மனை என்றால் 25 ஏக்கர் போதும். 5 ஏக்கர் மனை என்றால் 500 ஏக்கர் வேண்டும். சாலைக்கான இடம் தனி.

அடுத்து முகப்பு அகலம், அதாவது சாலையை ஒட்டி மனைக்கு இருக்கும் அகலம். விதியில் பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். சாலையின் இருபுறமும் வீடுகள் வரும் என்பதால், வீடுகளின் எண்ணிக்கையை முகப்பால் பெருக்கி இரண்டால் வகுங்கள். 25 சென்ட் மனைக்கு 75 அடி முகப்பு என்றால் 3,750 அடிச் சாலை, அதாவது சுமார் 1.1 கி.மீ. 5 ஏக்கர் மனைக்கு 300 அடி முகப்பு என்றால் 15,000 அடி, சுமார் 4.6 கி.மீ. குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியும் அவ்வளவு தூரம் போக வேண்டும். செலவைச் சுமப்பதோ அதே 100 வீடுகள். பாதாளச் சாக்கடை கட்டுப்படியாகாது, செப்டிக் டேங்க்தான். பேருந்தை மறந்துவிடலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) இதை நேரில் கண்டது. 1970களின் முற்பாதியில் அங்கே 5 ஏக்கர் விதி வந்தது. விளைநிலம் கைமாறுவது நிற்கவில்லை. ஐந்து ஏக்கர் துண்டு வீட்டுத் தோட்டத்துக்கு மிகப் பெரிது, டிராக்டர் வைத்துச் சோளம் போடச் சிறிது. நடுவில் வீட்டைக் கட்டிவிட்டால் அந்த நிலம் உழவுக்குத் திரும்பாது.

1980இல் விதியை மாற்றினார்கள்: 25 ஏக்கருக்கு ஒரு வீடு. இங்கேதான் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். இது எண்ணிக்கைக்கு வரம்பே தவிர மனை அளவு அல்ல. மனை 40,000 சதுர அடி, ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு, இருந்தால் போதும். 125 ஏக்கர் பண்ணையில் ஐந்து வீடுகளையும் ஒரு மூலையில் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய 120 ஏக்கர் உழவுக்கு மிஞ்சும். பழைய விதியில் 25 வீடுகள் மொத்தப் பண்ணையையும் கூறுபோட்டிருக்கும்.

கட்டக்கூடிய வீடுகள் குறைந்ததால் விவசாயிக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டும் உரிமையை விற்க விட்டார்கள். வாங்கியவர் அதை நகர்ப்பகுதியில் கூடுதல் வீடாகக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே இதே முறையை உங்கள் ஊருக்குக் கேட்பதென்றால், கூடுதல் வீடுகளை ஏற்கும் பகுதிகள் எவை, எத்தனை வீடுகள் என்பதை அதே திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த இடம் போதாவிட்டால் உரிமை விலைபோகாது, நஷ்டம் உழவர் தலையில்தான் விழும்.